மஞ்சள் விளக்கும் 72,000 ரூபாய் எஸ்டிமேட்டும்: கார் கேள்வி–பதில்

டாஷ்போர்டில் எரியும் செக் இன்ஜின் விளக்கைப் பற்றியும், அதைத் தொடர்ந்து ஒர்க்‌ஷாப்பில் நீட்டப்படும் பெரிய எஸ்டிமேட்டைப் பற்றியும் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்ப் பெயரை மட்டும் வெளியிட்டிருக்கிறோம்.

கேள்வி: என்னுடைய 2016-ஆம் ஆண்டு பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி சிறிது உதறும், பிறகு சரியாகிவிடும். ஸ்கேனர் போட்டுப் பார்த்த ஒர்க்‌ஷாப்பில், பி0420 என்று வருகிறது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற 72,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மகனோ, கன்வெர்ட்டருக்கு 8 ஆண்டு வாரன்ட்டி உண்டு, பணம் கொடுக்காதீர்கள் என்கிறான். நான் என்ன செய்ய வேண்டும்? (தேவகோட்டை வாசகர்)

பதில்: கன்வெர்ட்டருக்கு ஆர்டர் போட வேண்டாம் என்று முதலில் ஒர்க்‌ஷாப்புக்குச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. சோதனையைப் பாதியில் விட்டுவிட்டு விலையைச் சொல்லியிருக்கிறார்கள் என்றே உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தெரிகிறது.

ஸ்கேனரில் வரும் குறியீடு, எந்த அளவு வரம்பை விட்டு விலகியது என்பதைத்தான் சொல்லும்; எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லாது. பி0420 என்றால், கன்வெர்ட்டரின் செயல்திறன் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டதாக இன்ஜின் கம்ப்யூட்டர் கருதுகிறது என்று பொருள். அந்தக் கம்ப்யூட்டர் கன்வெர்ட்டரை நேரடியாகச் சோதிப்பதில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சைலன்சர் குழாயில் பொருத்தியிருக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்தே அந்த முடிவுக்கு வருகிறது. பல பெட்ரோல் கார்களில் முன் சென்சாரின் அளவு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டை ஒட்டி அதிகம் ஆடாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் விளக்கு எரிகிறது. ஆனால் பின் சென்சாரே பழுதாகியிருந்தாலும், குழாய் இணைப்பில் விரிசல் விட்டு வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் இதே குறியீடு வரக்கூடும். ஆகவே, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு இரண்டு சென்சார்களின் வரைபடத்தையும் ஸ்கேனர் திரையில் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்குச் சோதனைக் கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். 72,000 ரூபாய்க்கு முன் அது பெரிய தொகையாக இருக்காது.

காலையில் வண்டி உதறுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே என்னை நிறுத்தி யோசிக்க வைத்த வரி அதுதான். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதை மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்பார்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும்போது, உள்ளே தேனடை போல் இருக்கும் பீங்கான் பகுதி அளவுக்கு மீறிச் சூடேறி உருகிப்போகிறது. மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புதிய கன்வெர்ட்டரைப் போட்டால், புதியதும் அதே வழியில் போகும். எனவே மிஸ்ஸிங்கைக் குறிக்கும் பி0300 முதல் பி0304 வரையிலான குறியீடுகளில் ஏதாவது நினைவகத்தில் பதிவாகியிருக்கிறதா, உறுதியாகாமல் நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். அதுவரை அவை நிலுவைக் குறியீடாகவே உள்ளே கிடக்கும்.

பி0302 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மிஸ்ஸிங் இரண்டாவது சிலிண்டரில் என்று பொருள். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் சிலிண்டருக்கு ஒன்று உள்ள வண்டியாக இருந்தால், இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதன் காயிலை இரண்டாவதில் மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது பி0303 என்று வந்தால் காயில்தான் பழுது. குறியீடு இடம் மாறாமல் பி0302 ஆகவே நின்றால் காயிலை விட்டுவிட்டு பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்ற வரிசையில் தேட வேண்டும். ஒரு பாகம்கூட வாங்காமல் செய்து முடிக்கிற சோதனை இது. நல்ல மெக்கானிக் இதை நீங்கள் கேட்காமலேயே செய்வார்.

உங்கள் மகன் சொல்வது அமெரிக்காவில் சரி. அங்கே கன்வெர்ட்டருக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வரை வாரன்ட்டி தர வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. அந்த விதி இந்தியாவில் விற்ற காருக்குச் செல்லாது. இங்கே உங்கள் வாரன்ட்டிப் புத்தகத்தில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினால் விளக்கு அணைந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்குள்ள கார்கள் டேங்கில் ஆவி கசிகிறதா என்று தாமாகவே சோதித்துக்கொள்பவை; நம் ஊர்க் கார்கள் பலவற்றில் அந்தச் சோதனை கிடையாது.

எல்லாம் பார்த்த பிறகும் கன்வெர்ட்டர்தான் என்று உறுதியானால் மாற்றத்தான் வேண்டும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருப்பதால்தான் அதற்கு அந்த விலை. அதே காரணத்தால் கழற்றிய பழைய கன்வெர்ட்டருக்கும் விலை உண்டு. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதன் மதிப்பைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: திருச்சிக்குப் போகும் வழியில் திருமயம் தாண்டியதும் செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மினுக்கத் தொடங்கியது. வண்டியில் இழுவையும் குறைந்தது. வயதான மாமியார் உடன் இருந்ததால் நிறுத்தாமல் திருச்சி வரை ஓட்டிவிட்டார் என் கணவர். நிறுத்தியிருக்க வேண்டுமா? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: ஆம், அம்மா. மினுக்கும் விளக்கும் நிலையாக எரியும் விளக்கும் ஒன்றல்ல. கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும் அளவுக்கு மிஸ்ஸிங் அந்த நேரத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாகத்தான் பெட்ரோல் கார்களில் அது மினுக்குகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்க வேண்டும். அதன் பிறகு வண்டியை ஏற்றிப் போகச் சொல்வதே நல்லது. புதுக்கோட்டை வரை மெதுவாக உருட்டிப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்றால், ஓவர்டேக் செய்யாமல், ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் போகலாம். அதுவும் மினுக்குவது நின்ற பிறகுதான். முதியவரை வெயிலில் சாலையோரம் உட்கார வைக்க மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது; அப்படியானால் அவரை வேறு வண்டியில் அனுப்பிவிட்டுக் காரை அங்கேயே நிறுத்துவதுதான் சரியான வழி.

மினுக்காமல் மஞ்சளாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல் ஓடினால் பதற வேண்டியதில்லை; ஓரிரு நாளில் ஸ்கேன் செய்யலாம். ஆனால் சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குவளைப் படமோ, கூலன்ட் வெப்பத்தின் சிவப்பு விளக்கோ எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்ற எண்ணமே கூடாது. அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடிய இன்ஜினின் பில்லுக்கு முன் கன்வெர்ட்டரின் பில் சிறியது.

கேள்வி: சென்னையில் வசிக்கிறோம். ஊருக்கு வந்தால் ஓட்டுவதற்கென்று ஒரு கார் கானாடுகாத்தான் வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் நிற்கிறது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வந்தபோது பேட்டரி இறங்கிக் கிடந்தது. பங்காளி வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தோம். உடனே செக் இன்ஜின், ஏ.பி.எஸ்., ஸ்டீயரிங் என்று எல்லா விளக்குகளும் எரிந்தன. எலி வயரைக் கடித்திருக்கிறது, வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். (சென்னை வாசகர்)

பதில்: பூட்டிய வீடுகள் மிகுந்த செட்டிநாட்டில் இந்தக் கடிதம் எனக்குப் புதிதன்று. இதில் இரண்டு கோளாறுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் செலவு குறையும்.

முதலாவது பேட்டரி. நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். அது 12-க்கும் கீழே இறங்கிய நிலையில் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் தடுமாறி, வண்டியில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மற்றொன்றுடன் தொடர்பு அறுந்துவிட்டதாகப் பதிவு செய்துகொள்ளும். ஒரே நேரத்தில் தொடர்பில்லாத பல விளக்குகள் எரிந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மீதும் எர்த் இணைப்பு மீதும்தான் விழ வேண்டும். பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்யுங்கள், அல்லது பழையதாக இருந்தால் மாற்றுங்கள். இருக்கிற குறியீடுகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகு அழியுங்கள். காரைக்குடி வரை ஒருமுறை போய் வந்த பின் எவை திரும்பி வருகின்றனவோ அவை மட்டுமே உண்மையான கோளாறுகள்.

இரண்டாவது எலி. அது கடித்திருந்தால் கண்ணால் பார்க்க முடியும். பானெட்டைத் திறந்து, பேட்டரித் தட்டின் ஓரத்திலும் இன்ஜினின் மேல்மூடிக்கு அடியிலும் புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சருகும் பஞ்சும் கந்தல் துணியுமாக உள்ளே கூடு கட்டியிருப்பது சாதாரணம், அந்த அடைப்பு மட்டுமே செக் இன்ஜின் விளக்கை எரிய வைக்கப் போதுமானது. கடிபட்ட வயர் இரண்டு மூன்றாக இருந்தால், ஒவ்வொன்றையும் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடினால் நெடுங்காலம் உழைக்கும். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் சில மாதங்களில் பச்சைக் களிம்பு பிடித்து மறுபடியும் விளக்கு எரியும். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் உறை போட்ட வயர்களை மட்டும் வெளியில் ஒட்டுப்போட விடாதீர்கள். அது கம்பெனி ஒர்க்‌ஷாப் வேலை. வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றால், எத்தனை வயர்கள், எந்த இடத்தில் என்று மெக்கானிக் தொட்டுக் காட்ட வேண்டும்.

இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, தேய்மானமும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பழுதும் வழக்கமான முழுப் பாலிசியில்கூடச் சேராது. எலி கடித்ததை எதிர்பாராத வெளிச்சேதமாக எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு என்பதால், வயரைத் தொடுவதற்கு முன் படம் எடுத்துத் தகவல் கொடுத்துவிடுங்கள்.

இனிமேல், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியைக் கொடுத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓட்டச் சொல்லுங்கள். கொட்டகையில் நின்றபடியே ஐந்து நிமிடம் உறும விடுவதால் பேட்டரி ஏறாது. இன்ஜினும் முழுச் சூட்டுக்கு வராது. அந்தக் கொட்டகையில் நெல் மூட்டையோ வைக்கோலோ இருந்தால் அதை இடம் மாற்றுவதுதான் எலிக்கு முதல் வைத்தியம்.

கேள்வி: 2021-ஆம் ஆண்டு டீசல் கார். வீட்டிலிருந்து செக்காலை ரோட்டில் உள்ள கடைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும் மட்டுமே ஓடுகிறது. டி.பி.எஃப். எனும் கரி வடிகட்டியின் விளக்கு அடிக்கடி வந்து, இப்போது செக் இன்ஜினும் சேர்ந்து எரிகிறது. டி.பி.எஃப். மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டால் பிரச்சினையே இல்லை என்கிறார் வேறொருவர். (காரைக்குடி வாசகர்)

பதில்: கழற்றாதீர்கள். புகை விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கரி முழுவதும் உங்கள் பிள்ளைகள் இறங்கும் பள்ளி வாசலில்தான் வெளியே வரும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்த பிறகு டீசல் கார்களில் இந்த வடிகட்டி இடம்பெற்றது. சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் ஏற்பாடு அதில் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் அந்தச் சூடு எட்டுவதே இல்லை. தொடங்கிய எரிப்பும் கடை வாசலில் பாதியில் நின்றுவிடுகிறது. டி.பி.எஃப். விளக்கு மட்டும் வந்திருந்தபோது திருப்பத்தூர் சாலையில் ஒரே சீராக 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இருபது நிமிடம் ஓட்டியிருந்தால் பெரும்பாலும் அணைந்திருக்கும். செக் இன்ஜினும் சேர்ந்துவிட்டதால் இப்போது அதை முயல வேண்டாம். ஸ்கேனர் வழியாகக் கட்டாய எரிப்புச் செய்யும் வசதி உள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், கரியின் அளவு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். மாற்றுவது கடைசி வழி.

இன்ஜின் ஆயில் மட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எரிப்பு பாதியில் நின்றபடியே இருந்தால் டீசல் ஆயிலில் கலந்து மட்டம் உயரும். அந்த ஆயிலுடன் ஓட்டினால் டர்போவுக்குக் கேடு. மாற்றும்போது டி.பி.எஃப். வண்டிக்கென்று வரும், சாம்பல் குறைவான ஆயிலையே ஊற்ற வேண்டும். கரி எரிந்துவிடும், ஆயிலின் சாம்பல் எரியாது. உங்கள் ஓட்டம் மாறப்போவதில்லை என்றால், அடுத்த முறை வண்டி மாற்றும்போது பெட்ரோலுக்குப் போவதுதான் உங்களுக்குப் பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும் என்று சொல்லி 48,000 ரூபாய் வாங்கினார்கள். பத்து நாளில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது. இது வேறு கோளாறு, இன்னும் 15,000 ஆகும் என்கிறார்கள். கையால் எழுதிய சீட்டைத் தவிர பில் எதுவும் தரவில்லை. (புதுவயல் வாசகர்)

பதில்: முதலில் வேறொரு இடத்தில் ஸ்கேன் செய்து, இப்போது வரும் குறியீட்டையும், அது பதிவான நேரத்தில் வண்டியின் வேகம், சூடு, இன்ஜின் சுற்று என்னவாக இருந்தன என்று கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருக்கும் அளவுகளையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். யாரையும் அழிக்க விடாதீர்கள். அழித்துவிட்டால் உங்கள் கையில் இருக்கும் சான்று போய்விடும். பழைய குறியீடும் புதியதும் ஒன்றே என்றால், கம்ப்யூட்டர் பழுதாக இருந்ததே இல்லை என்று வாதிட உங்களுக்கு வலுவான இடம் கிடைக்கிறது. வயர், சென்சார், எர்த் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு கடைசியாகக் கைவைக்க வேண்டிய பாகம் அது.

பிறகு எழுத்து மூலமாக மூன்றைக் கேளுங்கள்: பாக எண்ணுடன் கூடிய ஜி.எஸ்.டி. பில், கழற்றிய பழைய கம்ப்யூட்டர், அதை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்த சோதனையின் விவரம். செய்த வேலைக்குப் பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஒர்க்‌ஷாப் மதுரையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டம் என்ற முறையில் சிவகங்கையிலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகச் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவையும், வாட்ஸ்அப்பில் நடந்த பேச்சையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார் ஒன்று பார்த்திருக்கிறேன். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. அது போதுமா? (கோட்டையூர் வாசகர்)

பதில்: போதாது. சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். அந்த விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் யாரோ அதை மறைத்திருக்கலாம், அல்லது விளக்கே பழுதாகியிருக்கலாம். ஒழுங்காக எரிந்து அணைந்தாலும், விற்கும் நாள் காலையில் குறியீட்டை அழித்திருக்க வாய்ப்புண்டு. 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார் என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைப் பொருத்தி, கார் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால் அண்மையில் குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியை இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.